பிராக் நகரின் கிறிஸ்துமஸ் நாட்கள்

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் கிறிஸ்துமஸ், டிசம்பர் 24ஆம் தேதி மாலை, வானில் முதல் நட்சத்திரம் தெரியும் வேளையில் தொடங்குகிறது. விருந்தும் பரிசுகளும் அன்று இரவே முடிந்துவிடும். 25ஆம் தேதி ஓய்வு நாள். அதற்கு முந்தைய வாரங்களில் விளக்கும் கூட்டமுமாகத் தெருவெங்கும் நடக்கும் கொண்டாட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, பண்டிகை நாளில் அது இன்னும் பெரிதாக இருக்கும் என்று நம்பிப் போகும் குடும்பங்கள் ஏமாறுவதுண்டு. நாள் நெருங்க நெருங்கப் பண்டிகை தெருவை விட்டு வீட்டுக்குள் போய்விடுகிறது. பயணத் திட்டம் போடும்போதே மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

நகரத்தின் பழம்பகுதி வல்தாவா ஆற்றின் இரு கரைகளிலும் கிடக்கிறது. வலக்கரையில் பழைய நகரமும் யூதர் குடியிருப்பாக இருந்த யோசெஃபோவும். இடக்கரையில் மாலா ஸ்ட்ரானா, அதற்கு மேலே குன்றின் மீது கோட்டை. இரண்டாம் உலகப் போரில் வார்சாவும் டிரெஸ்டனும் அழிந்ததுபோல் பிராக் அழியவில்லை. அதனால் 14ஆம் நூற்றாண்டின் பாலத்தையும் 18ஆம் நூற்றாண்டின் மாளிகைகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தெருக்களில் பதித்திருப்பது சின்னஞ்சிறு கருங்கற்கள். கைக்குழந்தையின் தள்ளுவண்டிக்கு அவை பெரும் சோதனை. டிசம்பர் கடைசியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். பனி பெய்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. ஈரக் குளிரும் சாம்பல் வானமுமே பெரும்பாலும் வாய்க்கும். பொழுது காலை எட்டு மணி அளவில்தான் விடியும், மாலை நான்கு மணிக்கெல்லாம் அடைந்துவிடும். வெளியே பார்க்க வேண்டியதை இந்த எட்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு சந்தைக்கும் ஆலயத்துக்கும் போவதே பிள்ளைகளோடு செல்வோருக்கு ஏற்ற ஒழுங்கு.

திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறன்று தொடங்குகிறது. டிசம்பர் 4 புனித பார்பரா நாள். அன்று செர்ரி மரக் கிளை ஒன்றை வெட்டி வந்து வீட்டில் தண்ணீரில் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது பூத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் ஆண்டில் திருமணம் என்பது நம்பிக்கை. மறுநாள் மாலை, புனித நிக்கோலாஸ் நாளின் முந்திய இரவு. ஆயர் உடையில் நிக்கோலாஸ், வெள்ளை உடையில் வானதூதர், கரி பூசிய முகத்தோடு சங்கிலியை இழுத்துவரும் சாத்தான் என மூவர் மூவராகத் தெருவில் வருவார்கள். குழந்தை பயந்துகொண்டே ஒரு பாட்டோ கவிதையோ சொல்ல வேண்டும். சொன்னால் இனிப்பு கிடைக்கும். சொல்லாத குழந்தையைச் சாக்கில் போட்டு நரகத்துக்குக் கொண்டுபோவதாகச் சாத்தான் மிரட்டுவான். பழைய நகரச் சதுக்கத்தில் அன்று மாலை இப்படிப்பட்ட குழுக்கள் ஏராளம். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களால் இதைப் பார்க்க முடிவதில்லை. வேடிக்கை பார்க்கும் வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல டிசம்பர் முதல் வாரமே சிறந்தது.

சந்தைகளில் பெரியவை இரண்டு: ஒன்று பழைய நகரச் சதுக்கத்தில், மற்றொன்று வென்செஸ்லாஸ் சதுக்கத்தில். நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 6 வரை நடக்கும் இவை 24, 25 தேதிகளிலும் திறந்திருக்கும். மரக்கடைகளில் கண்ணாடி உருண்டைகள், மர பொம்மைகள், தேன்மெழுகுத் திரிகள், இஞ்சி ரொட்டி விற்பனையாகும். பெரியவர்களுக்குப் பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது, பிள்ளைகளுக்குச் சூடான ஆப்பிள் சாறு. கரி நெருப்பில் சுடும் பன்றித்தொடை இறைச்சிக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு உரியது. ஒரு தட்டுக்கு என்று எண்ணிக்கொண்டு வாங்கினால் மூன்று மடங்கு கொடுக்க வேண்டி வரும். உருளையில் சுற்றிச் சுட்டுச் சர்க்கரை தூவித் தரும் ‘ட்ர்தெல்னிக்’ பழைய போஹீமியப் பலகாரம் என்ற பெயரில் விற்கப்படுகிறது. சுவையானதுதான். ஆனால் பிராக்கின் பாட்டிமார் கிறிஸ்துமஸுக்குச் செய்வது அது அன்று. பிறை வடிவில் வாயில் வைத்தவுடன் உதிரும் வெனிலா பிஸ்கட்டுகளும், உலர்திராட்சையும் பாதாமும் சேர்த்துப் பின்னல்போல் முடைந்து சுடும் ‘வானொச்கா’ ரொட்டியுமே வீட்டுப் பலகாரங்கள். நல்ல பேக்கரிகளில் இரண்டும் கிடைக்கும்.

பழைய நகரச் சதுக்கத்தின் ஓரத்தில், பழைய நகர மன்றத்தின் சுவரில் இருக்கிறது 1410இல் அமைக்கப்பட்ட வானியல் கடிகாரம். கடானைச் சேர்ந்த மிக்குலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தது; கணக்குகளைப் போட்டுத் தந்தவர் யான் ஷிண்டெல் என்ற வானியலறிஞர் என்று கருதப்படுகிறது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரு சன்னல்களில் திருத்தூதர்கள் வரிசையாக வந்து போவார்கள். முடிவில் சேவல் கூவும். கூட்டம் அந்தச் சில விநாடிகளைப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுகிறது. கடிகாரத்தின் உண்மையான அருமை அந்தச் சன்னல்களுக்குக் கீழே உள்ள வானியல் வட்டத்தில்தான். அதன் வெளிவளையத்தில் ஒரு நாளின் 24 மணிகள் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணப்படுகின்றன. அஸ்தமன நேரம் மாறுவதற்கேற்ப வளையமும் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் நகர்கிறது. பழைய போஹீமியாவில் நாள் என்பது மாலையில் பிறந்தது. கிறிஸ்துமஸ் ஏன் 24 மாலையிலேயே தொடங்கிவிடுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த வளையத்தைக் காட்டி விளக்கினால் எளிதில் புரியும். 1945 மே மாதச் சண்டையில் கடிகாரம் கடுமையாகச் சேதமடைந்தது. செப்பனிடப்பட்டு 1948இல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில் சார்லஸ் பாலம். 1342 வெள்ளத்தில் பழைய பாலம் அடித்துச் செல்லப்பட்ட பின், 1357இல் நான்காம் சார்லஸ் இதற்கு அடிக்கல் நாட்டினார். 16 வளைவுகளும் 516 மீட்டர் நீளமும் கொண்ட இதன் இருபுறமும் 30 சிலைகள் நிற்கின்றன. பலவற்றின் மூலச் சிலைகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, இப்போது இருப்பவை பிரதிகள். திருவருகைக் காலத்தில் மாலை நான்கு மணி அளவில், பழங்கால மேலங்கியும் தொப்பியும் அணிந்த விளக்கேற்றுபவர் ஒருவர் நீண்ட கோலோடு வந்து, பாலத்தின் எரிவாயு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைகள் கூட்டமாக அவர் பின்னால் நடப்பார்கள். செலவில்லாமல் பிராக்கில் பார்க்கக் கூடியவற்றுள் இதற்கு இணை இல்லை.

பாலத்தின் வலக்கரை முனையில் கிளமெண்டினம் என்னும் பெரிய கட்டடத் தொகுதி இருக்கிறது. இயேசு சபையினர் கட்டியது, இப்போது தேசிய நூலகம். அதைச் சேர்ந்த புனித கிளமெண்ட் ஆலயத்தில் 1562இல் அவர்கள் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைத்தார்கள். போஹீமியாவின் முதல் குடில் அதுவே என்பர். வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1780களில் பேரரசர் இரண்டாம் ஜோசப், பக்தியில் வேடிக்கை கலக்கக் கூடாது என்று கருதி, ஆலயங்களில் குடில் வைப்பதைத் தடை செய்தார். விளைவு அவர் நினைத்ததற்கு எதிராக அமைந்தது. ஆலயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடில்கள் வீடுகளுக்குள் புகுந்தன. தச்சரும் நெசவாளரும் குளிர்காலத்து வேலையற்ற நாட்களில் மரத்திலும் காகிதத்திலும் குடில் செய்யத் தொடங்கினார்கள். பெத்லகேம் மக்களை உள்ளூர் ரொட்டிக்காரராகவும் பால்காரராகவும் செதுக்குவது அப்படி வளர்ந்த கலை. கிறிஸ்துமஸ் மரம் பிராக்குக்கு அதற்குப் பின்னரே வந்தது. 1812இல் நாடக அரங்க இயக்குநர் யான் கரெல் லீபிக் தம் இல்லத்தில் வைத்த மரமே நகரின் முதல் மரம் என்று குறிப்பிடப்படுகிறது. அவர் பணியாற்றிய எஸ்டேட்ஸ் அரங்கில்தான் 1787இல் மோட்சார்ட்டின் ‘டான் ஜோவன்னி’ முதன்முதலாக அரங்கேறியது.

பாலத்தைக் கடந்து மாலா ஸ்ட்ரானாவில் கார்மெலிட்ஸ்கா தெருவுக்குள் நுழைந்தால் வெற்றி அன்னை ஆலயம் வரும். பிராக்கின் குழந்தை இயேசு சொரூபம் இருப்பது இங்கேதான். சேலம் மறைமாவட்டப் பேராலயம் இந்தக் குழந்தை இயேசுவின் பெயரில் அமைந்தது. பெங்களூரு விவேக் நகர் திருத்தலத்தில் வியாழன்தோறும் கூடும் மக்களில் தமிழர்கள் கணிசமானோர். வலக்கையை ஆசீர்வதிக்க உயர்த்தி, இடக்கையில் உலக உருண்டையை ஏந்தி, முடி சூடி நிற்கும் அந்த உருவத்தைத் தமிழ்நாட்டில் பேருந்துகளின் முகப்பிலும் கடைகளின் மாடத்திலும் பார்த்து வளர்ந்தவர்கள், மூலச் சொரூபத்தின் முன் நிற்கும்போது முதலில் வியப்பது அதன் சிறுமையைக் கண்டுதான். உயரம் ஏறத்தாழ 47 செ.மீ.; மரத்தின் மேல் மெழுகு பூசியது. ஸ்பெயினில் செய்யப்பட்ட இதை, பெர்ன்ஷ்டைன் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மரியா மன்ரிக்கே தெ லாரா தம்முடன் கொண்டுவந்தார். அவருடைய மகள் பொலிக்சேனா லோப்கோவிட்ஸ் 1628இல் கார்மேல் சபைத் துறவிகளுக்கு அதை வழங்கினார். 1631இல் சாக்சனிப் படை நகரைக் கைப்பற்றியபோது ஆலயம் சூறையாடப்பட்டது; கைகள் ஒடிந்த நிலையில் சொரூபம் பீடத்துக்குப் பின்னால் வீசப்பட்டுக் கிடந்தது. 1637இல் சிரில் என்ற துறவி அதைக் கண்டெடுத்தார். கைகளைச் சீராக்கி மீண்டும் நிறுவிய பிறகே அதன் புகழ் பரவத் தொடங்கியது.

சொரூபத்துக்குத் துறவற சகோதரிகள் காலத்துக்கேற்ப அங்கி மாற்றுகிறார்கள்: திருவருகைக் காலத்தில் ஊதா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை. பேரரசி மரியா தெரசா 1743இல் அளித்த அங்கியும், உலகின் பல மூலைகளிலிருந்து வந்த உடைகளும் ஆலயத்துக்குள்ளேயே ஒரு சிறு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கிருந்த கார்மேல் மடத்தை 1784இல் இரண்டாம் ஜோசப் மூடினார். கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்த பின், 1993இல்தான் துறவிகள் திரும்பினார்கள். இன்று செக் நாடு ஐரோப்பாவிலேயே மதப்பற்று மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. உள்ளூர் மக்களைவிட லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்களே பீடத்தின் முன் மண்டியிட்டிருப்பதைக் காணலாம்.

டிசம்பர் 20ஐ ஒட்டி, தெருமுனைகளிலும் மெட்ரோ நிலைய வாசல்களிலும் பெரிய நீலத் தொட்டிகள் முளைக்கும். உள்ளே உயிருள்ள கெண்டை மீன்கள். இவை பெரும்பாலும் தெற்குப் போஹீமியாவில் த்ரெபோன் வட்டாரத்து ஏரிகளில் வளர்ந்தவை. 16ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஏரிகள் அவை. யாக்கூப் கிர்ச்சீன் 1584க்கும் 1590க்கும் இடையில் அமைத்த ரோஜ்ம்பெர்க் ஏரி அவற்றுள் பெரியது. இலையுதிர் காலத்தில் மதகைத் திறந்து நீரை வடித்து, வலையால் வளைத்து மீனைப் பிடிப்பார்கள். பிறகு சில வாரங்கள் நல்ல நீரில் விட்டுவைத்தால் சேற்று வாடை போய்விடும். வாங்குவோர் கேட்டால் கடைக்காரரே வெட்டிச் சுத்தம் செய்து தருவார். உயிரோடு வாங்கிப் போய் இரண்டு மூன்று நாள் குளியல் தொட்டியில் நீந்தவிடும் வீடுகளும் உண்டு. அதற்குள் பிள்ளைகள் மீனுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். வெட்ட விடாமல் அழுவார்கள். கடைசியில் அதை ஆற்றில் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் பல. ஏரிக் கெண்டைக்கு ஆற்றின் குளிர்நீர் ஒத்துக்கொள்ளாது என்று ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள்.

24ஆம் தேதி பகல் முழுவதும் ஒருசந்தி. மாலை வரை பசி பொறுத்தால் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேசையில் அமர்வார்கள். மீன்தலையும் சினையும் சேர்த்த சூப், ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த கெண்டை, உருளைக்கிழங்கு சாலட். கெண்டையில் கவைபோன்ற நுண்முள் அதிகம் என்பதால் சிறுவர்களுக்குப் பல வீடுகளில் வறுத்த இறைச்சித் துண்டையே வைக்கிறார்கள். சைவ உணவு உண்போருக்கும் இந்த மரபில் இடம் உண்டு: வாற்கோதுமையையும் உலர்ந்த காளானையும் பூண்டு சேர்த்து அடுப்பில் சுடும் ‘கூபா’ பழைய நோன்பு உணவு, சில உணவகங்களில் இந்த மாதம் மட்டும் கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டின் அடியில் ஒரு மீன் செதிள் வைத்து, பிறகு அதைப் பணப்பையில் போட்டுக்கொண்டால் ஆண்டு முழுதும் காசு தங்கும் என்பார்கள். ஆப்பிளைக் குறுக்கே வெட்டி உள்ளே விதையறை நட்சத்திரமாக இருந்தால் எல்லாருக்கும் நலம். அக்ரூட் கொட்டையின் பாதி ஓட்டில் சிறு மெழுகுத்திரி ஏற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள்; கரையை விட்டு அகலும் ஓடு யாருடையதோ அவருக்குப் பயணம். பிறகு பக்கத்து அறையில் மணி ஒலிக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தடியில் பரிசுகள் இருக்கும், கொண்டுவந்தவர் போய்விட்டிருப்பார். அவர் ‘யெஜீஷெக்’ எனப்படும் குழந்தை இயேசு. தாடியும் இல்லை, சிவப்பு உடையும் இல்லை, யாரும் பார்த்ததும் இல்லை.

இந்தக் குழந்தையை மாற்றக் கம்யூனிஸ்டு அரசு முயன்று பார்த்தது. 1952 டிசம்பரில் பிரதமர் அன்டோனின் ஸாபொடொட்ஸ்கி வானொலியில் பிள்ளைகளிடம் பேசினார். யெஜீஷெக் வளர்ந்து பெரியவராகி, தாடி வைத்து, கிழக்கிலிருந்து வரும் பனித் தாத்தாவாக மாறிவிட்டார் என்பது பேச்சின் சாரம். சோவியத் பாணியில் பனித் தாத்தாவை ஊர்வலமாகவும் அழைத்து வந்தார்கள். வீடுகளுக்குள் அது எடுபடவில்லை. ஆலயத்துக்குப் போகாத குடும்பங்களும் பிள்ளைகளுக்கு யெஜீஷெக்கையே சொல்லிக் கொடுத்தன. 1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். அன்று கோட்டையிலுள்ள புனித வீத்துஸ் பேராலயத்தில் துவோர்ஷாக் இயற்றிய நன்றிப் பாடல் இசைக்கப்பட்டது. பெத்லகேமில் ஏற்றிய சுடரைச் சாரணர்கள் வியன்னாவிலிருந்து ரயிலில் கொண்டுவருவதும், மக்கள் தங்கள் கைவிளக்கில் அதை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதற்குப் பின் வேரூன்றிய வழக்கம்.

பயணிகள் 24ஆம் தேதிக்கு முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று நண்பகலோடு மூடப்படும்; 25, 26 இரு நாட்களும் திறக்கப்படா. உணவகங்கள் பல மாலையில் மூடிவிடும், திறந்திருப்பவற்றில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. டிராம்களும் மாலையில் குறையும். சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்து, 23ஆம் தேதியே பொருள் வாங்கி வைத்து, கெண்டையோ கூபாவோ தாங்களே சமைத்து உண்பது குடும்பங்களுக்கு வசதியானது. பிராக்கின் பண்டிகை எப்படிப்பட்டது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

இரவில் நள்ளிரவுத் திருப்பலி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அன்று வருவார்கள், முக்கியமாகப் பாட்டுக்காக. ரோஜ்மிட்டால் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த யாக்கூப் யான் ரீபா 1796இல் இயற்றிய கிறிஸ்துமஸ் திருப்பலி இசை, லத்தீனை விட்டுச் செக் மொழியில் அமைந்தது. நட்சத்திரத்தைக் கண்டு விழித்த இடையன் தன் தலைவனை எழுப்புவதோடு தொடங்கும். நாட்டுப்புற நடையும் எளிய மெட்டும் கொண்ட இதை நகரின் ஆலயங்களிலும் அரங்குகளிலும் இந்த நாட்களில் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். ஆலயங்களுக்குள் வெப்பமூட்டும் வசதி பெரும்பாலும் இராது. கம்பளியைக் கழற்றாமல் உட்கார வேண்டும்.

25ஆம் தேதி காலை நகரம் வெறிச்சென்றிருக்கும். கோட்டைக்கு ஏற நல்ல நேரம் அதுவே. 22ஆம் எண் டிராம் குன்றின் மேலேயே கொண்டுவிடும். புனித வீத்துஸ் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் இட்டார்கள், பணி முடிந்தது 1929இல். திருப்பலி நேரங்களில் சுற்றிப் பார்க்க அனுமதி இராது என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. உள்ளே மணிக்கற்கள் பதித்த சுவர்களுக்கு நடுவே, 10ஆம் நூற்றாண்டில் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்ட வென்செஸ்லாஸ் கோமகனின் கல்லறை. ஆங்கிலப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ்தோறும் பாடப்படும் ‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ இவரைப் பற்றியதே. ஜான் மேசன் நீல் 1853இல் எழுதினார்.

அன்று தயக்கமின்றிப் போகக்கூடிய மற்றோர் இடம் யோசெஃபோவ். சனிக்கிழமைகளிலும் யூதத் திருநாட்களிலும் மட்டுமே யூத அருங்காட்சியகம் மூடப்படும். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட போஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. மாடியில் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர்கள் வரைந்த படங்கள் இருக்கின்றன. முகாமில் அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், அவரும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் இது. அருகிலேயே ஆற்றங்கரையில் 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் தந்த கமில் சுவெலபில் இந்த ஊரில் 1927இல் பிறந்து, இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1968இல் சோவியத் படைகள் நுழைந்த பின் நாட்டை விட்டு வெளியேறி, நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார், 2009இல் மறைந்தார்.

26ஆம் தேதி புனித ஸ்தேவான் நாள். தேசிய அரங்கத்துக்கு அருகே, அல்ஃப்ரெட் நிக்கோடெம் என்ற குளிர்நீர் நீச்சல் முன்னோடியின் நினைவாக, நூற்றுக்கணக்கானோர் வல்தாவாவில் இறங்கி நீந்துவார்கள். கரையிலும் பாலத்திலும் குடும்பம் குடும்பமாக நின்று பார்ப்பார்கள். 27 முதல் கடைகள் வழக்கம்போல் திறக்கும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை மரமும் சந்தையும் இருக்கும். அதை ஒட்டிய நாட்களில் ராஜாக்கள் வேடமிட்ட சிறுவர்கள் வீடு வீடாகப் பாடிச் சென்று அறப்பணிக்குக் காசு திரட்டி, கதவு நிலையில் ஆண்டையும் மூன்று எழுத்துகளையும் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். அது முடிந்ததும் மரத்தைக் கழற்றிவிடுவது வழக்கம்.